நல்லாப் படிக்கிறா

"உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறாம்மா."

நூலக டீச்சர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

பெற்றோர் கூட்டத்தில் அவளைத் தேடி யாரும் வருவதில்லை. நாற்காலி அதிகம் இருக்கிறதென்று கூட்டத்தை நூலகத்தில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். வருகிறவர்கள் மார்க் போடுகிறவர்களைத் தேடிப் போய்விடுவார்கள். கதவை ஒட்டிய மேசை இவளுடையது என்பதால் இந்த அம்மா மட்டும் நின்று, கணக்கு சார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டாள்.

தையலைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

பக்கத்தில் மகள். ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் அவளுக்குப் பெயர் கொட்டாவி.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எல்லோரும் கதை படிக்கலாம், பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிடலாம், கேள்வியும் கிடையாது மார்க்கும் கிடையாது என்று டீச்சர் ஆரம்பித்தபோது ஆசிரியர் அறையே சிரித்தது. இந்த வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை படிக்கச் சொல்வதற்கு நாலு எருமை மேய்க்கலாம் என்றார் கணக்கு சார்.

முதலில் அவர் சொன்னதுதான் நடந்தது. பையன்கள் புத்தகத்தை விசிறியாக்கினார்கள். கொட்டாவி தன் பெயரைக் காப்பாற்றினாள்.

பிறகு ஒருநாள், அட்டை போன துப்பறியும் கதை ஒன்று அவள் கையில் மாட்டியது. மணி அடித்ததுகூட அவளுக்குக் கேட்கவில்லை. டீச்சர் ஜன்னலையெல்லாம் சாத்திய பிறகுதான் நிமிர்ந்தாள். அன்று வீடு போய்ச் சேரும்வரை டீச்சர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மிச்சத்தைப் படிக்க அவள் வீட்டுக்குக் கொண்டுபோன அந்தப் புத்தகம் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று முகம் செத்துப்போய் வந்து நின்றாள். போனால் போகிறது என்று டீச்சர் வேறொன்றைக் கொடுத்தாள்.

கொட்டாவியைப் படிக்க வைத்துவிட்ட பெருமையில்தான் டீச்சர் இன்று வாயை விட்டாள்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் எந்த வாத்தியாரும் இப்படி ஒரு வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை.

"நிஜமாவா டீச்சர்? நான் அப்பவே நினைச்சேன். போன மாசம் இவ தலகாணிக்கு அடியில ஒரு கதைப் புத்தகம் கெடந்துச்சு. பழைய பேப்பரோட சேத்து எடைக்குப் போட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் படிக்கிறா பாருங்க!"

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் படிப்பது என்றால் பாடம் படிப்பதுதான். முன்னால் 'கதை' என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள்.

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் கன்னத்தைத் தடவினாள். அந்தப் பெண் சின்னப் பிள்ளை மாதிரி அந்தக் கையில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

டீச்சர் வாயை மூடிக்கொண்டாள். கோழை, என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ளத்தான் முடிந்தது.

அம்மா தலை நிமிர்ந்து கணக்கு சாரின் மேசையை நோக்கி நடந்தாள். அவர் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மகள் ஒரு நொடி பின்தங்கினாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"முடிச்சிட்டேன், மிஸ்."

அடுத்த புத்தகம் வேண்டுமா என்று டீச்சர் கேட்பதற்குள் அம்மாவின் பின்னால் ஓடிவிட்டாள்.

டீச்சர் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அடையாளத்துக்கு வைத்த பச்சைத் துணித் துண்டு, தையல் மிஷினுக்கு அடியில் பொறுக்கியதாக இருக்கும், உள்ளேயே இருந்தது.

கதை இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை.