மூன்று தண்ணீர்

எல்லாமே மிதந்தது.

அவர் காந்தத்தின் விசையைக் குறைத்துப் பார்த்தார். அப்போதும் மிதந்தது.

இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் காந்தத்துக்குக் கட்டுப்படும் திரவம். லேசான மணல் மேலே நிற்கும். கதிர்வீச்சுத் தாது போலக் கனமானது, எவ்வளவு பொடியாக இருந்தாலும், அடியில் போய் உட்கார்ந்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக இந்தக் குழாயோடுதான் அவருக்குக் குடித்தனம். அது ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அடியில் ஒரு மணிகூட இல்லை.

வெளியே பெஞ்சில் பெர்னத்தாள் காத்திருந்தாள்.

அவள் வீட்டுக்குப் பின்னால்தான் மணல் ஆலை தன் கழிவைக் கொட்டிவைத்திருந்தது. அந்தக் குவியலில்தான் மகள் ஜெபிஷா நாள் முழுக்க ஏறிச் சறுக்கினாள். ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய். ஈஸ்டருக்கு முந்தின வாரம் அடக்கம்.

வழக்கு என்றதும் ஆலைக்காரர்கள் குவியலைச் சுத்தமாக வழித்து அள்ளிவிட்டார்கள். புண்ணியவான்கள், மேலே செம்மண்ணும் பரப்பிக் கொடுத்தார்கள். அங்கே கதிர்வீச்சு மணல் கிடந்தது என்பதற்கு மிச்சம், அவள் முன்பே எடுத்து வைத்து, இப்போது அவரிடம் சோதிக்கக் கொடுத்திருந்த இந்த ஒரு பொட்டலம் மணல்தான்.

சல்லிக்காசு வேண்டாம், நானே சோதித்துத் தருகிறேன் என்று அவர்தான் வலியப் போய்ச் சொன்னார். ஆலையை ஒரு தடவையாவது கூண்டில் ஏற்றிவிட வேண்டும் என்ற கறுவல் அவருக்கும் இருந்தது.

வெளியே வந்தார்.

"மண்ணை எப்படிம்மா எடுத்தீங்க?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுக்குப் போற மண்ணு, அழுக்கோட குடுக்க முடியுமா சாரே? அரிசி அரிக்கிற மாதிரி மூணு தண்ணி மாத்தி அரிச்சேன். அடியில கருப்பும் மஞ்சளுமா கசடு நின்னுது. அத ஓடையில கொட்டிட்டேன்."



அந்தக் கசடுதான் சாட்சி.

"என்ன சாரே வந்துருக்கு?"

சொல்ல வாயெடுத்தார். மடியில் கோத்துக்கொண்டிருந்த அவள் கைகளைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், சாகும்வரை அவள் அந்தக் கைகளை மன்னிக்கமாட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. வெறும் மணல்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"எவ்வளவு தந்தானுவ உமக்கு?"

நடைவழியில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.