மூன்றாவது மேசை

"மிக்ஸி குவிஞ்சு கெடக்குதுன்னு மூணாவது மேசைக்காரர்கிட்டச் சொல்லுங்க சார்" என்றாள் சித்ரகலா.

மூன்றாவது மேசை மயில்சாமி கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "எனக்கும் கண்ணு இருக்குதுன்னு ரெண்டாவது மேசைக்காரங்ககிட்டச் சொல்லுங்க சார்."

சூப்பர்வைசர் தங்கதுரை இரண்டு பக்கமும் சொன்னார். பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் லைன் பார்த்தவர். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பழைய மிக்ஸிகளைப் பிரிக்கும் இந்த ஷெட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது.

இங்கும் லைன்தான். வேலாத்தாள் வயரை வெட்டுவாள், சித்ரகலா அடிமூடியைக் கழற்றுவாள், மயில்சாமி மோட்டாரை எடுப்பான். ஒரு நாளைக்கு நூறு மிக்ஸி முடிய வேண்டும். அறுபதுதான் முடிந்தது.

கடிகாரத்தோடு நின்று பார்த்தார். சிவப்பு நூல் சுற்றிய நீளத் திருப்புளியால் சித்ரகலா இரண்டே நிமிடத்தில் மூடியைக் கழற்றித் தள்ளினாள். மோட்டாரின் அடியாழத்துத் திருகாணியை மயில்சாமி உளியும் சுத்தியலுமாக நெம்பினான். ஏழு நிமிடம்.

நாற்காலியை மாற்றிப் போட்டார். விளக்கைத் தாழ்த்திக் கட்டினார். ஏழு, ஏழாகவே நின்றது.

மத்தியானம் இருவரும் ஆளுக்கொரு மூலையில் டப்பாவைத் திறந்தார்கள். சமாதானம் செய்யும் சாக்கில் தங்கதுரை இருவரிடமும் ஒரு வாய் கொள்ளுப்பருப்பு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டிலும் உப்புக் கரித்தது.

முதலாளி ரத்தினசாமி செல்போனில் கூப்பிட்டார். "லைனை நிறுத்தற ஆளைத் தாராபுரம் குடோனுக்கு அனுப்பிருங்க. அங்கயே தங்கிக்கட்டும்."

"மயில்சாமி, நாளையிலிருந்து உனக்குத் தாராபுரம்" என்றார் தங்கதுரை. "தங்கற வேலை. மாசத்துக்கு ஒருக்காத்தான் ஊருக்கு வரலாம்."

சித்ரகலா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்தாள். சிவப்பு நூல் திருப்புளியைக் கொண்டுபோய் மயில்சாமியின் மேசையில் டொக்கென்று வைத்தாள்.

அவன் எடுத்தான். ஒன்றரை நிமிடத்தில் மோட்டார் கையோடு வந்தது. அதன்பிறகு திருப்புளி இரண்டு மேசைக்கும் மாறி மாறிப் போனது. நாலு மணிக்கெல்லாம் குவியல் காலி.

தங்கதுரை கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். பனியன் கம்பெனியில் ஆளுக்கொரு கத்தரி உண்டு. இங்கே அந்த நீளத்தில் திருப்புளி ஒன்றே ஒன்றுதான் என்பது இப்போதுதான் உறைத்தது.

"தாராபுரத்துக்கு யாரும் போக வேண்டாம்" என்றவர், சித்ரகலா பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதை மொதல்லயே குடுத்திருக்கலாமே?"

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பனுங்க."

"நீ ஏப்பா கேக்கல?"

மயில்சாமி திருப்புளியின் சிவப்பு நூலை இறுக்கிச் சுற்றினான். வேலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கும் சேர்த்துச் சித்ரகலாதான் பதில் சொன்னாள்.

"எங்க ஊட்டுலயே எட்டு நாளா எங்கிட்ட ஒண்ணும் கேக்கறதில்லீங்க சார்."