உருகாத பனி

"ப்ரோன்யுஸ் வீட்டுச் சுவரோரம் பாத்தியா? ஒரு முழத்துக்குப் பனியே இல்லை. பூனை படுத்துத் தூங்குது. வைவா வீட்ல சுவரை ஒட்டி அப்படியே கிடக்கு. தரையில சூடு இருந்தாத்தானே உருகும்?"

ரொட்டிக் கடை வரிசையில் முன்னால் நின்றவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பின்னால் வைவா நிற்பதை அவள் பார்க்கவில்லை.

"ரெண்டு வீட்டுத் தரையும் போட்டது அந்த ஜிக்மாஸ் கொத்தனார்தானே?"

"அதே ஆள்தான். லாரி லாரியா தெர்மாகோல் பலகை இறக்கினான். எங்க போச்சோ."

வைவா ரொட்டி வாங்காமலே வெளியே வந்தாள்.

அவள் அந்த லித்துவேனியச் சிற்றூரின் பாலர் பள்ளி ஆசிரியை. மாலை நான்கு மணிக்குப் பள்ளிக் கமிட்டி கூடுகிறது. வைவா வீட்டில் இருப்பது போலவே கான்கிரீட்டுக்குள் வெந்நீர்க் குழாய் ஓடும் புதுத் தரை வேலையை ஜிக்மாஸிடம் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும். நாற்பது குழந்தைகள் உட்காரப்போகிற தரை. அவர் பெயரைச் சொன்னதே வைவாதான்.

நேராக அவர் வீட்டுக்குப் போனாள். விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுத் தரைக்கு அடியில ஏதாவது வச்சீங்களா, இல்லையா?"

ஜிக்மாஸ் கோடாலியை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

வைவா வீட்டுச் சுவரோரம் பனியை ஒதுக்கி மண்ணைக் கிளறினார். நீலத் தெர்மாகோல் பலகை தெரிந்தது.

"இது தளத்தோட விளிம்பைச் சுத்தி நிக்குது. அடியிலயும் இதேதான். வெளிப்பக்கமா மண்ணுக்குள்ளயும் படுக்க வச்சிருக்கேன். சூட்டுக்கு வெளிய போக வழி இல்லை. அப்புறம் பனி எப்படி உருகும்?"

"ஆனா உள்ள தரை சுடவே இல்லையே?"

"குளிருதா?"

வைவா யோசித்தாள். காலையிலிருந்து மகள் வெறுங்காலோடுதான் தவழ்கிறாள்.

"இல்லை."

"அவ்வளவுதான்."

"அப்போ பக்கத்து வீட்டுக்காரர் தெருவுக்கும் சேர்த்துச் சூடு போடறாரா? அங்க மட்டும் ஏண்ணே விளிம்புல வைக்கலை?"

வேலிக்கு அந்தப் பக்கம் ப்ரோன்யுஸ் காரின் மேலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். துடைப்பம் நின்றது.

ஜிக்மாஸ் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மண்ணை மூடி மிதித்தார்.

"விட்டுப்போச்சு. என் தப்புதான்."

"கூட்டத்துல இதைக் கேட்பாங்களே?"

"கேட்டா இதையேதான் சொல்வேன்."

கேட்டார்கள். அதையேதான் சொன்னார்.

கமிட்டித் தலைவி பேனாவை மூடினாள். "விளிம்பையே மறக்கிற ஆளை நம்பிக் குழந்தைகளை எப்படி உட்கார வைக்கிறது? நீயே சொல்லு, வைவா."

அவள் பதிலுக்குக் காத்திராமல் ஜிக்மாஸ் கோட்டை மாட்டத் தொடங்கினார்.

கதவு திறந்தது. கமிட்டி உறுப்பினரான ப்ரோன்யுஸ் தாமதமாக வந்தார். அக்குளில் ஒரு நீலப் பலகை. அழுக்கும் இறகும் ஒட்டியிருந்தன. மேஜை நடுவில் வைத்தார்.

அதில் பென்சிலால், ஜிக்மாஸின் கோணல் கையெழுத்தில்: 'ப்ரோன்யுஸ் வீடு. தெற்குச் சுவர், விளிம்பு.'

"இதே மாதிரி இன்னும் இருபது என் கோழிக்கூட்டுல இருக்கு" என்றார் ப்ரோன்யுஸ். "இவன் ஒழுங்காத்தான் வச்சான். மண்ணு மூடறதுக்குள்ள நான்தான் உருவிட்டேன். நல்ல பலகையைப் போய் மண்ணுல புதைக்கிறானேன்னு. அன்னிக்கு என்கிட்ட சண்டை போட்டான். அதுக்கப்புறம் ஊர்ல ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலை."

"நீங்களும்தான் திறக்கலை" என்றாள் தலைவி.

ப்ரோன்யுஸ் தலையாட்டினார்.

அவள் பேனாவைத் திறந்தாள். "சரி. ஜிக்மாஸுக்குக் கொடுக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ப்ரோன்யுஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.