மருந்தில்லாத ஆறு வருடம்

முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது.

"அந்தக் கையில நரம்பு கெடைக்காது சிஸ்டர். போன தடவ மாதிரி இதுலயே போடுங்க."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பதினோரு மாதமாக, தினமும் காலை ஆறு மணிக்கு, அவள் போனில் கேட்ட குரல்.

அவள் நாற்காலியில் அசையாமல் இருந்தாள்.

கோவையில் ஒரு மருத்துவமனை. மூன்றாவது மாடியில் சொட்டு மருந்து ஏற்றும் அறை. குடலில் புண்ணும் வீக்கமுமாக அவதிப்படுகிறவர்கள் வந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மருந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். அவளுக்கு இன்றுதான் முதல் நாள். நர்ஸ் இன்னும் அவளிடம் வரவில்லை.

அந்தப் பக்கம் நர்ஸ் சிரிப்பது கேட்டது.

"எட்டு வாரமானா டாண்ணு வந்துடறீங்க இந்திராணியம்மா. எத்தன வருசமாச்சு, ஆறு இருக்குங்களா?"

"ஆறு முடிஞ்சு ஏழு நடக்குதுங்க."

ஆறு வருடம்.

'மருந்தில்லாம ஆறு வருசம் கண்ணு. சோறுதான் எனக்கு மருந்து.'

குளியலறைத் தரையில் அவள், ரத்தம் போய்ப் போய் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, இந்திராணி அக்கா போனில் சொன்னது அது. அக்காவுக்கும் இதே நோய். நானூறு பேர் இருந்த வாட்ஸாப் குழுவை அக்காதான் நடத்தினாள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் அக்கா போனை வைக்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை வைக்கவில்லை.

குழைய வடித்த கஞ்சி. சுரைக்காய். தோல் சீவிய பரங்கி. அவித்த நேந்திரம்பழம்.

கோதுமை கூடாது. பால் கூடாது. மிளகாய் வாசனைகூடக் கூடாது.

நாத்தனார் கல்யாணப் பந்தியில் அவள் தூக்குப் போசியில் கஞ்சி கொண்டுபோய்க் குடித்தாள். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று குடித்தாள்.

வலி குறைந்தது. உண்மையாகவே குறைந்தது.

ஈரோட்டில் குழுவினர் கூடிய அன்று, அக்கா தன் கையாலேயே அவளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டாள். "இனி மாத்திரை எதுக்குங் கண்ணு?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மாத்திரைகளைக் குப்பையில் போட்டாள்.

பத்தாம் மாதம் குடல் அடைத்துக்கொண்டது. ஒரு முழம் அறுத்தெடுத்தார்கள்.

"சாப்பாட்டுக் கட்டுப்பாடு நல்லதுதாம்மா. அது மருந்துக்குத் துணை. மருந்த ஏன் விட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

அவள் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. கணவனிடமும் சொல்லவில்லை. எந்த நாளில், எந்த வாய்ச் சோற்றில் பிசகினோம் என்றுதான் தேடிக்கொண்டிருந்தாள். மாமியார் கரண்டி மாற்றிப் போட்ட ஒரு குழம்பு. ஒரு முறுக்குத் துண்டு.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அக்காவுக்கு வாட்ஸாப்பில் பேசி அனுப்பினாள். "நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்க்கா. மன்னிச்சுக்குங்க."

பதில் உடனே வந்தது.

"மனச உட்ராத கண்ணு. அடுத்த தடவ இன்னும் கட்டுப்பாடா இருக்கலாம்."

அவள் எழுந்தாள். திரைச்சீலையை விலக்கினாள்.

அக்காவின் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. யாரைப் பார்த்தாலும் வருகிற சிரிப்பு. பிறகு ஆளைத் தெரிந்தது. சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கோகிலவாணி..."

தலைக்கு மேலே பை தொங்கியது. குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

நர்ஸ் இருவரையும் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

"சோறும் உதவுச்சு கண்ணு, அது பொய்யில்ல." அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஊசியும் போடறேன்னு சொல்லியிருந்தா, நீங்கள்லாம் எம் பேச்சக் கேட்டிருப்பீங்களா?"

கத்த வேண்டும் என்றுதான் எழுந்து வந்தாள். வாய்வரைக்கும் வந்தது 'அக்கா' என்ற சொல் மட்டும். அதை விழுங்கினாள்.

அக்காவின் மடியில் இருந்த போனில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. பழகிய விரல் தானாகத் தொட்டுவிட்டது. சின்னப் பெண் ஒருத்தியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, திருப்பூர்ல இருந்து நித்யகலா பேசறேனுங்க. நீங்க சொன்ன கஞ்சிதான் மூணு வாரமா. வலியே இல்லீங்கக்கா. இன்னியோட மாத்திரைய நிறுத்திரட்டுங்களா?"

அக்கா பதறி அணைக்கப் போனாள். ஒரு கையில் ஊசி. போன் நழுவித் தரையில் விழுந்தது.

வயிற்றுத் தையல் இழுக்க இழுக்கக் கோகிலவாணி குனிந்து எடுத்தாள். போன் திரை உடையவில்லை.

நித்யகலாவின் செய்திக்குக் கீழே, குரல் பதியும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

போனை அக்காவின் வாயருகே கொண்டுபோனாள்.

விநாடிகள் ஓடத் தொடங்கின.

ஒன்று. இரண்டு. மூன்று.

அக்கா அவளைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

ஒன்பது. பத்து.

அவள் விரலை எடுக்கவில்லை.

அக்காவின் உதடுகள் பிரிந்தன.