கேக்கின் மேல் ஒரு மீன்

"வேலையை நீங்களா விட்டீங்களா, அவங்க அனுப்பினாங்களா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் விசாரணை அதிகாரி.

சமையலறை மேசை நடுவில் கிடந்த போனிலிருந்து வந்தது குரல். ஸ்பீக்கரில் போடச் சொன்னவள் ஆர்லிஸ். சொல்லிவிட்டு, கடையில் கட்டும் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நார்பர்ட் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

'நானே விட்டுட்டேன், பென்ஷன் வருது, போதும்' என்றுதான் பெண்டாட்டியிடம் சொல்லி வைத்திருந்தான். பாதி ஆயுளைக் காகித ஆலையில் கரைத்தவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள் என்று சொல்ல வாய் வருமா? வீறாப்பு. வேறென்ன?

அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காபிக் கோப்பையை டொக்கென்று வைப்பாள். கூடுதல் ஷிப்ட் வாங்கிக்கொண்டாள். கால் வீங்கி வந்தாலும் அவன் முன்னால் ஒரு முனகல் கிடையாது.

பென்ஷனோ சுண்டைக்காய். வேலை போனவர்களுக்கு அரசு கொடுக்கும் வாரப் பணம் வந்தால்தான் இந்தக் குளிர்காலத்தில் வீட்டில் ஹீட்டர் ஓடும். பென்ஷன் வாங்குகிறாய் என்று அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்களாம். பிடித்துத் தொலைக்கட்டும். ஆனால் பென்ஷனுக்கு ஆசைப்பட்டுத் தானே வேலையை விட்டவன் என்று இந்த அதிகாரி எழுதிவிட்டால் ஒரு காசு கிடையாது.

"அனுப்பினாங்க," என்றான் நார்பர்ட், போனையே பார்த்தபடி. "வியாழக்கிழமை காலையில உள்ள கூப்பிட்டாங்க. பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புன்னாங்க. அவ்வளவுதான் சார்."

ஆர்லிஸ் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"ஐயோ, அபாண்டம்!" என்றது போனிலிருந்து இன்னொரு குரல். ஆலையின் பணியாளர் பிரிவு அதிகாரி கிரேச்சன். தேன் தடவிய குரல். "வியாழக்கிழமை அவரா வந்துதான் ஓய்வு கேட்டார். நாங்க கேக் வெட்டி வழியனுப்பினோம். போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க. சிரிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறார்?"

சிரித்தான்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் எதிரே கேக், சுற்றிலும் கூட வேலை பார்த்தவர்கள், ஒருவன் கையில் கேமரா. அழவா முடியும்?

'ஓய்வு வாழ்த்துகள், நார்பர்ட்' என்று நீல எழுத்து. கீழே வாயைப் பிளந்துகொண்டு ஒரு மீன்.

மீன்! வெள்ளிக்கிழமை ஆனால் ஊரே மீன் வறுவலுக்கு வரிசையில் நிற்கும். நார்பர்ட் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருப்பான். இத்தனை வருஷத்தில் என்னை இவ்வளவுதான் தெரியுமா இந்தப் பாவிகளுக்கு என்று, வேலை போனதைவிட அந்த மீன்தான் அன்றைக்கு அவன் வயிற்றை எரித்தது.

கேக்கைப் பற்றி வீட்டில் அவன் மூச்சு விடவில்லை.

"சார், நான் அவரோட சம்சாரம்," என்று போனுக்குக் குனிந்தாள் ஆர்லிஸ். "அந்த கேக் எங்க கடையில செஞ்சது. அதுல எழுதினதே நான்தான். இந்த அம்மா போன்ல ஆர்டர் கொடுத்தது திங்கட்கிழமை. இதே குரல்தான்."



"வியாழக்கிழமை ஓய்வு கேட்டவருக்குத் திங்கட்கிழமையே கேக்கா?" என்றார் விசாரணை அதிகாரி.

கிரேச்சன் ஏதோ மென்று விழுங்கினாள். தீர்ப்பு தபாலில் வரும் என்று சொல்லி அதிகாரி வைத்துவிட்டார்.

ஜெயித்த மாதிரிதான். ஆனால் நார்பர்ட்டுக்குச் சந்தோஷம் வரவில்லை. திங்கட்கிழமை இதே மேசையில்தான் அவள் அவனுக்குச் சூப் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்," என்றான். "சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

"நீ சொல்வேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்டா, பாவி! கட்டினவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம வேலையை விடப் போறான்னு ஒவ்வொரு ராத்திரியும் வெந்துக்கிட்டிருந்தேன். நீயும் வியாழக்கிழமை வந்து 'நானே விட்டுட்டேன்'னு அதையே சொன்னே."



ஆர்லிஸ் எழுந்து ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். அதன் ஓரத்தில் நீலச் சர்க்கரை காய்ந்து ஒட்டியிருந்தது.

"அந்தம்மா எழுத்து மட்டும்தான் கேட்டா," என்றாள். "மீனை நான்தான் போட்டேன்."