தடங்கல் இல்லாத வீடு

என் கணவர் ஜெபஸ்டினுக்குத் திக்குவாய். எங்கள் கல்யாணத்தில் திருமண வாக்குறுதியைச் சொல்லி முடிக்க அவருக்கு நாலு நிமிடம் ஆனது. தலையாட்டினால் போதும் என்று ஃபாதர் சொல்லியும் கேட்காமல், ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே கொண்டுவந்தார். கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அந்த நாலு நிமிடத்துக்காகத்தான் ஒவ்வொரு கல்யாண நாளிலும் அந்த வீடியோவைப் போடுவோம்.

இந்த வருடமும் போட்டோம். வீட்டு சர்வரில் இருக்கும் எந்தப் படமும் இனி நடுவில் நின்று சுற்றாது என்று சொன்னதை நம்பி, போன வாரம்தான் ஒரு புதிய சேவையில் சேர்ந்திருந்தோம். திரையில் ஜெபஸ்டின் பத்தே நொடியில், செய்தி வாசிப்பவர் மாதிரி வாக்குறுதியைச் சொல்லி முடித்தார்.

“அப்பா, அப்ப நல்லாத்தான பேசிருக்கீங்க?” என்றாள், இந்த வருடம்தான் முதல்முறையாக எங்களோடு உட்கார்ந்து பார்த்த குட்டி மகள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தி நிறுத்திப் பேசும் மனிதரைக் கெட்டுப்போன படம் என்று நினைத்திருக்கிறது அந்தச் சனியன்! சேவை மையத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“நின்னு நின்னு வர்ற இடத்த சர்வரே நிரப்பிடும், மேடம்” என்றாள் அங்கிருந்த பெண்.

“நின்னது வீடியோ இல்லம்மா, என் வீட்டுக்காரரு! பழசத் திருப்பிக் குடுங்க.”

“பழைய காப்பிய அழிச்சிருக்கும், மேடம்.”

ஜெபஸ்டின் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். கழுத்து நரம்பு புடைக்க, “எ... எ... எ...” என்றார்.

எங்கள் வீட்டு போனும் அதே சர்வர் வழியாகத்தான் போகிறது. ஸ்பீக்கரில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது: “எங்களுக்கு ரொம்பத் திருப்தி. நன்றி.”

“நன்றி சார்” என்று அவள் வைத்துவிட்டாள்.

அவர் இன்னும் அந்த முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.