ஆறே ஆறு டைல்ஸ்

“ஆறே ஆறு டைல்ஸ், மாப்பிள்ளை. காலையில ஆரம்பிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிடலாம்!”

பழைய தளத்தைப் பெயர்த்தெடுத்த குளியலறையில், பளபளக்கும் இரண்டடி டைல்ஸ் ஒன்றை வைத்துவிட்டு மாமனார் தள்ளி நின்று பார்த்தார். கொத்தனார் இரண்டு வாரமாக ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று இழுத்தடித்ததில், தாங்களே போட்டுக்கொள்வது என்று முடிவாகியிருந்தது.

“சின்னதே போடலாம், மாமா.” மருமகன் கையில் நாலங்குலச் சதுரம் ஒன்று இருந்தது. சொரசொரப்பானது.

“அது எத்தனை வேணும்?”

“இருநூத்திப் பதினாறு.”

“சரிதான். கடைசி டைல்ஸை ஒட்டும்போது எனக்கு எண்பது வயசாயிடும்.”

“ரெண்டு பேரும் டைல்ஸ் பார்க்கறீங்களா, பொண்ணு பார்க்கறீங்களா?” கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு வாரம். “வாக்கரைத் தள்ளிக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டறது? அவங்க என்னைப் பார்த்தாலே பாத்ரூம் லைட்டைப் போட்டு வெச்சிடறாங்க!”

மருமகன் குரலைத் தணித்தான். “அத்தை வாக்கரோட வந்து போகணும். பெரிய டைல்ஸுக்கு வாட்டம் கொடுக்க வராது மாமா, தண்ணி நடுவுல நிக்கும். சின்னதுன்னா நாலு பக்கமிருந்தும் தண்ணி போற ஓட்டையைப் பார்த்துச் சரிச்சுடலாம். இடுக்கு நிறைய இருக்கும், கால் பிடிச்சு நிக்கும்.”

“உங்க வீட்ல நீங்களே போட்டது இந்தப் பெரிசுதானே? எம் பொண்ணு போன்ல சுத்திச் சுத்திக் காட்டினாளே. ‘அப்பா, எல்லாம் இவரே போட்டது’ன்னு என்ன பெருமை அவளுக்கு!”

அவன் கையிலிருந்த சின்னச் சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அதனாலதான் கேட்கறேன். அவ பார்த்துச் சந்தோஷப்பட்ட தரை. இங்கேயும் அதுவே இருக்கட்டுமே.”

“வேணாம், மாமா.”

மாமனார் கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார்.

“நீங்க முன்னமாதிரி இங்க வர்றதில்லை. ஏன்னு எனக்குத் தெரியும்.”

“அப்படியெல்லாம் இல்லை...”

“அவ ஒன்பதாவது படிக்கும்போது ஒருதரம் ஸ்கூல்ல மயங்கி விழுந்தா. நீங்க பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். தட்டிப்போயிடுமோன்னு வாயை மூடிக்கிட்டேன். போன வருஷம் நீங்க போன் பண்ணி, மயக்கம் வந்து விழுந்துட்டா, போயிட்டான்னு சொன்னீங்களே... அன்னையிலேருந்து உங்க முகத்தைப் பார்க்கக் கூசுது. முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க டாக்டர்கிட்ட காட்டியிருப்பீங்க. எம் பொண்ணை நானே கொன்னுட்டேன். உங்க வாழ்க்கையையும் கெடுத்துட்டேன்.”

அவர் மருமகனின் கையைப் பிடிக்கப் போனார். அவன் சிமெண்டு ஒட்டிய கையைச் சட்டெனப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“கோபம் இருக்கும். இருக்கத்தான் செய்யும்,” என்று மாமனார் எழுந்தார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். “சரி, வேலையைப் பார்ப்போம். பெரிசையே ஒட்டிடலாம். அவ ஞாபகமா.”

கரணையில் பசையை அள்ளி முதல் டைல்ஸின் முதுகில் தடவ ஆரம்பித்தார். வெளியே வாக்கரின் ‘டக், டக்’ கதவை நெருங்கியது.

மருமகன் அந்த டைல்ஸை அவர் கையிலிருந்து பிடுங்கினான்.

“அவளுக்கு மயக்கம் வரலை, மாமா,” என்றான், அவரைப் பார்க்காமல். “நான் போட்ட தரையில வழுக்கித்தான் விழுந்தா.”